தஞ்சாவூர் ஜில்லா போர்டின் வரலாற்றைத் தேடுவது எப்படி

ஜில்லா போர்டு என்பது அந்தக் காலத்தில் மாவட்டத்தின் சாலை, பள்ளிக்கூடம் போன்றவற்றைப் பார்த்துக்கொண்ட உள்ளாட்சி அமைப்பு. அதைப் பற்றி எழுத வருகிறவர்கள் தலைவர்கள் பட்டியலோடு ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்று தேடுங்கள். போர்டு நம் தாத்தாக்களுக்கு என்ன செய்தது என்பது அங்கேதான் தெரியும்.

முதலில் நான்கு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1871இல் லோக்கல் ஃபண்ட் சட்டம்; உள்ளூர்ச் செலவுக்கு உள்ளூரிலேயே வரி வசூலிக்க வழிசெய்தது. 1884 சட்டத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் (சில ஊர்களைச் சேர்த்த சிறு அமைப்பு) என்று மூன்று அடுக்கு. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டும் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் காகிதங்கள் வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம் ரயிலை எடுங்கள். எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு. நிலத்துக்கு செஸ் என்ற கூடுதல் வரி வசூலித்து, ஒரு ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதை போட்டது! மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடியது. பிறகு பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. பாதை போர்டுடையது, வண்டி ஓட்டியது சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனி. ஹெமிங்வே தொகுத்த 1906 தஞ்சாவூர் கெஜட்டியரில் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரநூல்) இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது சத்திரங்கள். மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரச் சொத்துகளைப் போர்டு நிர்வகித்தது. 1920களில் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் அந்த வருமானத்தை எல்லாச் சாதிப் பிள்ளைகளின் படிப்புக்கும் திருப்பப் பாடுபட்டார். சமஸ்கிருதக் கல்லூரியாக இருந்த திருவையாறு கல்லூரியில் தமிழ் இடம்பிடித்ததும் அவர் முயற்சியால்தான். இந்தப் பகுதிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

மூல ஆவணத்துக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். ஊராட்சி என்ற தலைப்பில் தேடினால் பழைய காலத்துக்கு ஒன்றும் அகப்படாது. 'லோக்கல் அண்டு முனிசிபல்', பிறகு 'லோக்கல் செல்ஃப் கவர்ன்மெண்ட்' என்ற துறைகளின் அரசாணை அட்டவணையை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். ஊர்ப் பெயரை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே தேட வேண்டும்.

எல்லையிலும் கவனம். அன்றைய ஜில்லாவில் இன்றைய திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் அடக்கம். அறந்தாங்கியும் 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும் வரை தஞ்சையோடுதான் இருந்தது.

கடைசியாக ஊருக்குள் போங்கள். 'போர்டு ஸ்கூல்' எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய கட்டடங்களில் திறப்புவிழாக் கல் இருந்தால் படமெடுத்து, எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். கட்டடத்தை இடிக்கும்போது கல்லை யாரும் எடுத்துவைப்பதில்லை.