ஃப்ரிஞ்ச் ஆடுதா? பம்புசெட்டா கரண்டான்னு கண்டுபிடிக்கிற வழி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் லேப்ல மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு கண்ணாடியில திருப்பி ஒண்ணா சேர்க்கிற கருவி) வைக்கிறவங்களுக்கு இது. சேர்ந்த ஒளியில தெரியிற வெளிச்ச-இருட்டு வரிகள்தான் ஃப்ரிஞ்ச். ஹீலியம் நியான் லேசர் 632.8 நானோமீட்டர், கண்ணாடி அதுல பாதி நகர்ந்தாலே ஒரு ஃப்ரிஞ்ச் தாண்டிடும், அப்ப பக்கத்து தென்னந்தோப்புல மோட்டார் ஓடினா என்ன ஆகும்னு பார்த்துக்கங்க.

உடனே மேசைக்கு அடியில ரப்பர், மணல் மூட்டைன்னு அடுக்காதீங்க. எது ஆட்டுதுன்னு முதல்ல தெரியணும்.

மேசை மேல ஒரு ஜியோஃபோன் (தரை அதிர்வைப் பிடிக்கிற சென்சார்), ஒரு மைக், கரண்டோட காந்தப்புலத்தைப் பிடிக்க செம்புக் கம்பி சுத்தின காயில் ஒண்ணு, போதும். காசு இல்லன்னா ஃபோன்ல இருக்கிற சென்சாரைப் படிக்கிற ஃபைஃபாக்ஸ் ஆப், ஆனா பெரிய ஆட்டம்தான் அதுல தெரியும். ஃபோட்டோடயோடு (ஃப்ரிஞ்ச் வெளிச்சத்தை அளக்கிறது) சிக்னலையும் இதுங்களையும் ஒரே போர்டுல ஒரே கடிகாரத்துல பதியணும், தனித்தனியா பதிஞ்சு அப்புறம் ஒட்டிக்கலாம்னா சொதப்பிடும். சேனலுக்கு செகண்டுக்கு 1000 சாம்பிள் வச்சா நிம்மதி.

இப்ப எஃப்எஃப்டி, அதாவது பதிஞ்ச ஆட்டத்துல எந்த ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தனை தடவை) எவ்வளவு இருக்குன்னு பிரிச்சு வரைபடமா காட்டுற கணக்கு. மோட்டார் பிளேட்ல 2880 ஆர்பிஎம்னு போட்டிருந்தா 60-ஆல வகுங்க, 48 ஹெர்ட்ஸ். கரண்டு 50 ஹெர்ட்ஸ். அரை செகண்ட் துண்டு எடுத்தா ரெண்டும் ஒண்ணா கலந்துடும், 10 செகண்ட் எடுத்தீங்கன்னா தனித்தனி கம்பமா நிக்கும். ஒண்ணு கவனிங்க, ஜியோஃபோனுக்குள்ளயும் காயில்தான் இருக்கு, அது கரண்டோட காந்தப்புலத்தையும் பிடிச்சிடும், அதனால அதுல 50 தெரிஞ்சா தரை ஆடுதுன்னு நம்பிடாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் மைக்ல 100-ல வரும். சீலிங் ஃபேன் 5, 6 பக்கம். பாலக்காட்டு கணவாய்க் காத்துக்கு கம்பமெல்லாம் கிடையாது, குறைஞ்ச ஹெர்ட்ஸ் பக்கம் மொத்தமா வீங்கும், ஆடி மாசம் சொல்லவே வேண்டாம். வாளையார் லைன்ல ரயில் போற நேரம், செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுத் தோட்டத்துக்கு த்ரீ ஃபேஸ் வர்ற நேரம் (மோட்டார் ஓடுறது அப்பத்தான்), ரெண்டையும் நோட்ல எழுதி வைங்க.

கம்பம் ரெண்டு சேனல்லயும் ஒண்ணா இருக்குன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. சந்தேகப்பட்டதை வேணும்னே ஆட்டிப் பாருங்க, ஈர்ப்பு அலையைப் பிடிக்கிற பெரிய இன்டர்ஃபெரோமீட்டரான லைகோ ஆளுங்களும் அப்படித்தான். அமெரிக்காவுல அவங்களோட ஹான்ஃபோர்டு மையத்துல பைப்புல உறைஞ்ச ஐஸை அண்டங்காக்கா கொத்தினது மைக்ல சிக்கி, இவங்களும் ஐஸைத் தட்டிப் பார்த்துதான் உறுதி பண்ணினாங்க. நீங்க ஸ்பீக்கர்ல 30-ல இருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க, ஃப்ரிஞ்ச் எங்க துள்ளுதோ அங்க கண்ணாடி ஸ்டாண்டோட சொந்த அதிர்வு இருக்கும், அந்த ஸ்க்ரூவை டைட் பண்ணினாலே பாதி அடங்கிடும்.

பம்புசெட்டு மேலதான் சந்தேகம்னா தோட்டத்து அண்ணன்கிட்ட கேட்டு கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க. 48 மறையலன்னா அவரை விட்டுட்டு லேப்புக்குள்ள ஓடுற வாக்குவம் பம்ப்பைப் பாருங்க.