சாமுவேல் என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவிலியத்தில் வரும் தீர்க்கதரிசி சாமுவேலின் பெயருக்குப் பெயர்ப் பட்டியல்களில் பெரும்பாலும் ‘கடவுள் கேட்டார்’ என்ற பொருள்தான் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எபிரெயத்தில் காதால் கேட்பதைக் குறிக்கும் ‘ஷாமா’ என்ற வினையில் ‘ஆயின்’ என்ற எழுத்து உண்டு. ‘ஷெமுவேல்’ என்ற பெயரில் அது கிடையாது. ‘கடவுள் கேட்கிறார்’ என்பது இஸ்மவேலுக்கு உரிய பொருள். ஆதியாகமம் 16:11ல் இஸ்மவேலின் தாய் ஆகாரிடம் தூதர் சொல்லும் காரணமும் அதுதான்.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 1 சாமுவேல் 1:20ல், கர்த்தரிடம் கேட்டதால் தாய் அன்னாள் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்கிறாள். இது வேண்டிக் கேட்பது. எபிரெயத்தில் ‘ஷாஅல்’ என்ற வேறு வினை. நமக்கோ இரண்டுக்கும் ‘கேள்’தான். அதனால் தாய் கேட்டதும் கடவுள் கேட்டதும் கலந்துவிடுகின்றன. சரி, ‘கேட்டுப் பெற்றவன்’ என்று சொல்லலாமா? அந்த வேரில் பிறந்த பெயர் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுடையது. 1:28ல் பிள்ளையை ஒப்புக்கொடுக்கும் அன்னாளின் வாயில் வரும் சொல்லே ‘ஷாஊல்’, எழுத்துக்கு எழுத்து அந்த ராஜாவின் பெயர். பிற்பாடு சவுலை அபிஷேகம் செய்யப்போவதும் இதே பிள்ளை. கதை சொன்னவர் தெரிந்தே அந்தச் சொல்லை அங்கே வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துகளோடு பொருந்துவது ‘கடவுளின் பெயர்’ அல்லது ‘அவர் பெயர் ஏல்’ (ஏல் என்றால் கடவுள்). அதற்காக அன்னாள் சொன்னதைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது. விவிலியத் தாய்மார் ஒலியைப் பற்றிக்கொண்டு தங்கள் நன்றியைப் பெயரில் ஏற்றுகிறார்கள். அகராதி எழுதுவது அவர்கள் நோக்கமல்ல. யூதர்கள் தங்கள் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் அன்னாளின் கதையை வாசிக்கிறார்கள். உதடு மட்டும் அசைய அவள் செய்த ஜெபத்திலிருந்து யூத மரபுச் சட்ட நூலான தல்மூத் ஜெப ஒழுங்குகளையே வகுக்கிறது.

அப்புறம், இதைக் கிறிஸ்தவப் பெயர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மும்பையில் 1796ல் ஜெப ஆலயம் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் பெனே இஸ்ரவேல் என்ற இந்திய யூதச் சமூகத்தவர். குர்ஆன் 2:246ல் பெயரின்றி வரும் நபியை விரிவுரையாளர்கள் பலர் ஷம்வீல், அதாவது சாமுவேல், என்கிறார்கள். எருசலேமுக்கு வடக்கே சாமுவேலின் கல்லறை என்று மரபு காட்டும் கட்டடத்தில் முஸ்லிம்களும் யூதர்களும் தொழுகிறார்கள்.

அவர் பெயரில் உள்ள இரு நூல்களையும் முழுக்க அவரே எழுதினார் என்று சொல்வதும் சரியல்ல. முதல் நூலின் 25ஆம் அதிகாரத்திலேயே அவர் இறந்துவிடுகிறார். மீதியைத் தீர்க்கதரிசிகளான காத்தும் நாத்தானும் எழுதி முடித்தார்கள் என்பது தல்மூத் தரும் விளக்கம்.