நர்ஸ் இன்டர்வியூ முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறீர்களா? அந்த நாட்களில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

இன்டர்வியூ முடிந்து பத்து நாள் ஆகியும் போன் வரவில்லை என்றால், புதிதாகப் படித்து முடித்த நர்ஸ் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்: "எடுக்கவில்லை போலிருக்கிறது." மருத்துவமனையின் உள்ளே அந்தப் பத்து நாளில் நடப்பது வேறு. பேனலில் இருந்தவர்கள் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பணியிடத்துக்கு நிர்வாகம் கையெழுத்துப் போட வேண்டும். ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் பதில் அனுப்ப வேண்டும், நர்சிங் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகியிருப்பதைச் சரிபார்க்க வேண்டும். இதில் ஒருவர் லீவில் போனாலும் கோப்பு அப்படியே கிடக்கும். முதலிடத்தில் தேர்வானவர் யோசிக்க நேரம் கேட்டிருந்தால், இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு ஆம் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சங்கிலியில் உங்கள் கையில் இருப்பது பேப்பரும் ரெஃபரன்ஸும்தான். ஆகவே நேரத்தில் பெரும்பங்கை அவற்றுக்குக் கொடுங்கள்.

படி 1: அன்றைக்கே எழுதி வையுங்கள்

வீட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: பேனலில் இருந்தவர்களின் பெயர், பதவி, எந்த வார்டு, ஷிஃப்ட் எப்படி, எப்போது முடிவு சொல்வோம் என்றார்கள், யாரைத் தொடர்பு கொள்ளச் சொன்னார்கள், என்னென்ன கேட்டார்கள், எதற்குத் தடுமாறினீர்கள். தடுமாறிய கேள்விகளுக்கு அன்று இரவே புத்தகத்தைப் பார்த்துச் சரியான விடையை எழுதுங்கள். இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டால் அதே இடத்தைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார்கள்.

கேள்விகளை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகும் யாராவது அதை அப்படியே ஒப்பித்தால், கேள்வி யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை.

படி 2: 24 மணி நேரத்துக்குள் நன்றி மின்னஞ்சல்

ஐந்தாறு வரி போதும். எந்த மொழியில் இன்டர்வியூ நடந்ததோ அதே மொழியில் எழுதுங்கள். மாதிரி:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நேற்று மருத்துவப் பிரிவு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கான இன்டர்வியூவில் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. புதிதாகச் சேருபவர்களுக்கு மூத்த நர்ஸ் ஒருவருடன் பயிற்சி தருவதாக நீங்கள் விளக்கியது, இந்தப் பணியில் என் ஆர்வத்தை இன்னும் கூட்டியது. கூடுதல் ஆவணம் ஏதும் தேவைப்பட்டால் அன்றே அனுப்பிவைக்கிறேன்."

கீழே முழுப் பெயர், கவுன்சில் பதிவு எண், போன் எண்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. பழைய மின்னஞ்சலைப் படியெடுத்து, வேறு மருத்துவமனையின் பெயரை மாற்ற மறப்பது. சரியாகச் சொல்லாத பதில்களையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு விளக்குவது. பேனலில் இருந்தவரின் சொந்த எண்ணைத் தேடிப்பிடித்து மெசேஜ் போடுவது. இரண்டாவதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. நோயாளிக்கு ஆபத்தான பதிலைச் சொல்லிவிட்டீர்கள், உதாரணமாகப் பொட்டாசியம் குளோரைடை ஐவி புஷ்ஷாக, அதாவது ஊசியால் நேராக நரம்பில் ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்றால், ஒரே வரியில் திருத்துங்கள்: "நேற்று தவறாகச் சொன்னேன், அதை எப்போதும் நீர்த்து, மெதுவாக, இன்ஃப்யூஷனாக மட்டுமே கொடுக்க வேண்டும்." தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்பவரை வார்டில் விரும்புவார்கள்.

படி 3: அவர்கள் கூப்பிடும்போது கிடைக்க வேண்டும்

சின்ன விஷயம், ஆனால் இதில் வேலையை நழுவவிடுபவர்கள் உண்டு. தெரியாத எண்களைத் தானாக முடக்கும் வசதி போனில் இருந்தால் அணைத்து வையுங்கள். தினமும் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். ஆவணம் பதிவேற்றச் சொல்லும் லிங்க் பெரும்பாலும் தானியங்கி மின்னஞ்சலில் வரும், சில நாளில் காலாவதியாகும். வேறிடத்தில் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர், எழுந்ததும் தவறிய அழைப்புகளைப் பார்த்து அன்றைக்கே திருப்பிக் கூப்பிட வேண்டும்.

படி 4: சேரும் நாளுக்கான கோப்பு

"நாளைக்கே எல்லாவற்றையும் அனுப்புங்கள்" என்று எச்ஆர் (ஆட்களைச் சேர்க்கும் பணியாளர் பிரிவு) சொல்லும்போது ஓட ஆரம்பித்தால் இரண்டு மூன்று வாரம் போய்விடும். இப்போதே தொடங்குங்கள்.

*பெயர்.* பள்ளிச் சான்று, நர்சிங் சான்று, கவுன்சில் பதிவு, அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் திருமணத்துக்குப் பிந்தைய பெயர். சரிபார்ப்பவருக்கு இவை இரண்டு ஆட்கள். திருத்த நாளாகும் என்பதால் முதலில் இதைப் பாருங்கள். பதிவு காலாவதியாகும் தேதியையும் குறித்து வையுங்கள்.

*ரெஃபரன்ஸ்.* தாமதங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று தோன்றும் அளவுக்கு இங்கே வேலை தேங்கும். இரண்டு பேர் பெயரைக் கேட்டால் மூன்று பேரைத் தயாராக வையுங்கள்: கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், கடைசிப் போஸ்டிங்கில் உங்களைப் பார்த்த வார்டு இன்சார்ஜ், கல்லூரி ஆசிரியர். உறவினர் வேண்டாம். ஒவ்வொருவரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: விண்ணப்பித்த பணி எது, எந்தப் பெயரில் மின்னஞ்சல் வரும், நீங்கள் அவரிடம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள். ஆண்டுக்கு நூறு மாணவர்களைப் பார்க்கும் ஆசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், தேதி நினைவிருக்காது. தேதி தெரியாததால் படிவத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார். சொந்த மின்னஞ்சலிலிருந்து வரும் பரிந்துரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அலுவலக முகவரியை வாங்கிக் கொடுங்கள்.

*தடுப்பூசியும் பரிசோதனையும்.* இங்கேதான் காலண்டர் வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். கடைசி ஊசிக்குப் பின் 1 முதல் 2 மாதத்தில் ஆன்டிபாடி டைட்டர், அதாவது இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்க்க வேண்டும். லிட்டருக்கு 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டவர்களுக்கு இப்போது 10க்குக் கீழே வருவது சாதாரணம். பயப்பட வேண்டாம்: ஒரு டோஸ் போட்டு, 1 முதல் 2 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஆனால் அந்த மாதங்கள் போகும், ஆகவே டைட்டரை இப்போதே எடுத்துவிடுங்கள்.

காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுச் செய்யும் மாண்டூ பரிசோதனையின் முடிவை, போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய நாள் போட்டுக்கொண்டு, படிக்க ஆள் இல்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வழக்கமான கதை. இன்னொரு சிக்கல் எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கான தடுப்பூசி). அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால், அதைப் போட்டபின் சில வாரம் மாண்டூ பொய்யான நெகட்டிவ் காட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், அல்லது மாண்டூவை முதலில் முடியுங்கள். எம்எம்ஆர் போட்டாகிவிட்டது என்றால் 4 வாரமாவது விடுங்கள். எம்எம்ஆரின் இரண்டு டோஸுக்கு இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டவர்களுக்கு மாண்டூ பாசிட்டிவாக வரக்கூடும். காசநோய்க்கே இரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனையைப் பிசிஜி பாதிப்பதில்லை, கேட்டுப் பாருங்கள்.

பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை பொதுவாக 2 ஆண்டுக்குத்தான் செல்லும். தேதியைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தனித்தனி பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் இருக்கட்டும். "ஸ்கேன் 0012" என்று வரும் இருபது கோப்புகளை எச்ஆரில் யாரும் ஆசையோடு திறப்பதில்லை.

படி 5: எப்போது, யாரிடம் கேட்பது

தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதி கழித்து இரண்டு வேலை நாள் விடுங்கள். சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் முதல் பத்து நாள். முதலில் மின்னஞ்சல், மூன்று வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு போன், அதற்கும் ஒரு வாரம் கழித்துக் கடைசியாக ஒரு மின்னஞ்சல். அதோடு நிறுத்துங்கள்.

போன் எச்ஆருக்குத்தான், வார்டுக்கு வேண்டாம். ஷிஃப்ட் மாறும் ஹேண்ட்ஓவர் நேரத்திலும் மருந்து கொடுக்கும் நேரத்திலும் வார்டு போன் அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும், உங்கள் பெயரோடு சேர்ந்து. முற்பகல் நடுப்பொழுது நல்லது. சொல்ல வேண்டியது: "வணக்கம், என் பெயர் இது. இந்தத் தேதியில் மருத்துவப் பிரிவு ஸ்டாஃப் நர்ஸ் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். தேர்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என் பக்கம் ஆவணம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டேன்." கடைசிக் கேள்விதான் முக்கியம். "உங்கள் ஒரு ரெஃபரன்ஸ் இன்னும் வரவில்லை" என்ற பதில் அடிக்கடி அதிலிருந்துதான் வெளியே வரும். பேசியவரின் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

வேறிடத்தில் ஆஃபர் வந்திருந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். "அப்படியானால் அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள், வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச எதுவும் இருக்காது.

படி 6: கை மறக்காமல் இருக்க

சேரும் முன் மருந்துக் கணக்குத் தேர்வு வைக்கும் இடங்கள் பல. தினமும் ஐந்து கணக்கு போடுங்கள், கால்குலேட்டர் இல்லாமல்.

டிரிப்: 1000 மி.லி. 8 மணி நேரத்தில், செட் மி.லி.க்கு 15 சொட்டு. 1000 × 15 ÷ 480 = 31.25, நிமிடத்துக்கு 31 சொட்டு. மணியை நிமிடமாக மாற்ற மறப்பதுதான் இதில் பொதுவான பிழை. மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் ஒரு குறுக்குவழி: மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

சிரிஞ்ச் பம்ப்: டோபமின் 200 மி.கி. 50 மி.லி.யில், நோயாளி 60 கிலோ, ஆர்டர் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 5 × 60 = நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம்; × 60 = மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மி.கி. ஒரு மி.லி.யில் 4 மி.கி. இருப்பதால் மணிக்கு 4.5 மி.லி. இங்கே 60 இரண்டு முறை வருகிறது, ஒன்று எடை, ஒன்று நிமிடம். அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுவார்கள். பயிற்சிக்கு எடையை 52 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், குழப்பம் தீரும்.

குழந்தை: 12 கிலோ, பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. ஆக 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 7.5 மி.லி. பாட்டிலின் செறிவைப் படிக்காமல் "ஒரு ஸ்பூன்" என்று எழுதுபவர் தேர்வில் அங்கேயே தோற்பார்.

இவற்றோடு, ஹேண்ட்ஓவரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, நீங்கள் கணித்தது, அடுத்து என்ன வேண்டும். ஒரு நிமிடத்துக்குள்.

படி 7: மற்ற கதவுகளை மூடாதீர்கள்

எழுத்தில் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை விண்ணப்பிப்பதை நிறுத்த வேண்டாம், இருக்கும் வேலையை ராஜினாமா செய்யவும் வேண்டாம். போனில் சொல்லும் "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" ஆஃபர் லெட்டர் ஆகாது. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்று பணம் கேட்டு, இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் வந்தால், மருத்துவமனையின் இணையதளத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். மூலச் சான்றிதழ்களைப் பார்க்கக் காட்டலாம். கையில் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.

படி 8: பதில் வந்ததும்

ஆம் என்றால், நன்றி சொல்லிவிட்டுக் கடிதத்தைப் படிக்க 48 மணி நேரம் கேளுங்கள். பார்க்க வேண்டியவை: எந்த வார்டு என்று எழுதியிருக்கிறதா, ப்ரொபேஷன் எத்தனை மாதம், நைட் டூட்டி மாதத்துக்கு எத்தனை, தனியாக நோயாளிகளை ஏற்கும் முன் எத்தனை வாரம் மூத்த நர்ஸுடன் பயிற்சி, ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளி, பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது) உண்டா, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும், நோட்டீஸ் காலம் எவ்வளவு. புதியவர் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். முதல் வருடம் நன்றாகப் போகுமா என்பதைப் பயிற்சி வாரங்களும் நோயாளி எண்ணிக்கையும்தான் சொல்லும்.

இல்லை என்றால், இரண்டு நாளுக்குள் இப்படி எழுதுங்கள்: "முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. நான் எந்தப் பகுதியில் மேம்பட வேண்டும் என்று ஒரு வரியில் சொன்னால் உதவியாக இருக்கும். இதே பிரிவில் இடம் வந்தால் என் பெயரைக் கருத்தில் கொள்ளுங்கள்." தேர்வானவர் சேராமல் போவதும், முதல் மாதத்திலேயே விலகுவதும் நர்சிங்கில் நடப்பதுதான். அப்போது புதிதாக விளம்பரம் கொடுப்பதற்கு முன் பழைய பட்டியலைத் திறப்பார்கள். அதில் இருக்கும் உங்கள் போன் எண்ணை மாற்றினால், எச்ஆருக்கும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.