மஞ்சள் தாளால் காரத்தைக் கண்டறியும் சோதனை: குழந்தைகளுக்கான செய்முறை

ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் அது சிவப்பாக மாறுவதைப் பெரும்பாலான குழந்தைகள் பார்த்திருப்பார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்திலும் நடுநிலையான நீரிலும் மஞ்சளாகவே இருந்து, காரத்தில் (மிளகாயின் காரமல்ல; சுண்ணாம்பு, சோப்பு போல அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ள பொருளில்) செம்பழுப்பாக மாறுவதே அதற்குக் காரணம். அதே வினையைத் தாளில் ஏற்றிவிட்டால், சமையலறையில் உள்ள பொருள்களைக் குழந்தைகளே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் சாயத்தைத் தயாரிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை நான்கு தேக்கரண்டி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் (மருந்துக் கடையில் கிடைக்கும், ஆல்கஹால் கலந்த திரவம்) கலக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைத்தால் போதாதா என்று தோன்றும்; குர்க்குமின் நீரில் ஏறக்குறைய கரையாது என்பதால் தூள் அடியில் தங்கிவிடும், தாளிலும் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக்கூடியது, உள்ளே போனால் நஞ்சு. ஆகவே இந்த ஒரு வேலையை மட்டும் பெரியவர்களே, அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

அடுத்து, மை உறிஞ்சும் தாளையோ காபி வடிகட்டும் தாளையோ விரல் அகலத்துக்கு நறுக்கி, சாயத்தில் நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் குர்க்குமின் வெளுத்துவிடும். வழவழப்பான தாள் சாயத்தை உறிஞ்சாது. பழைய வேட்டித் துணியையும் பயன்படுத்தலாம், ஆனால் துவைத்த துணியில் சோப்பு கொஞ்சம் தங்கியிருந்தாலும், சோதனை தொடங்கும் முன்பே அது ஆங்காங்கே சிவந்து நிற்கும். வெறும் நீரில் பலமுறை அலசிக் காயவைத்த துணியே உதவும் என்பதால், தாள்தான் என் தேர்வு.

இனிச் சோதனை. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், குடிநீர், குளியல் சோப்பு கரைத்த நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் தாளை நனைக்கும் முன் என்ன ஆகும் என்று குழந்தையிடம் கேளுங்கள். சோப்பு நீரில் மட்டும் தாள் சிவக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் மீண்டும் மஞ்சளாகும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டை சோப்பு பட்டதும் சிவப்பதும் இதனால்தான்.

இதில் மிகச் சுவையான பகுதி சமையல் சோடாதான். அதை நீரில் கரைத்துத் தாளை நனைத்தால் நிறம் சற்றே ஆரஞ்சாகுமே தவிர நன்றாகச் சிவக்காது; சோதனை தோற்றுவிட்டதோ என்று பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். சமையல் சோடா மென்மையான காரம், அதன் கரைசலின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8-ஐச் சற்றே தாண்டும், குர்க்குமின் நிறம் மாறத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே அளவில்தான். அந்தக் கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, புதிய தாளை நனைத்தால் நிறம் அடர்ந்து சிவப்பதைக் காணலாம். கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சமையல் சோடாவில் ஒரு பகுதி அதைவிட வலுவான காரமான சலவைச் சோடாவாக மாறிவிடுகிறது. இதற்கு எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது, ஏனெனில் சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். ஆறிய கரைசலைக் குழந்தைகள் விரலால் தொடாமல், தாளை மட்டும் நனைக்கச் சொல்லுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு இவற்றைவிடப் பளிச்சென்று நிறம் காட்டும் என்றாலும், அது கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடிய வலுவான காரம் என்பதால், சிறு குழந்தைகளுடன் செய்யும்போது நான் அதைச் சேர்ப்பதில்லை.

பின்சேர்க்கை: ஷாம்பூவிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் தாள் சிவக்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். தாளில் குறையில்லை, நுரைப்பவை எல்லாம் காரமல்ல, இவற்றில் பல நடுநிலைக்கு அருகிலோ இலேசான அமிலமாகவோ தயாரிக்கப்படுகின்றன. கஸ்தூரி மஞ்சளில் சாயம் வெளிறிப்போனதாக எழுதியவர்கள், குர்க்குமின் மிகுந்த சமையல் மஞ்சளுக்கு மாறிக்கொள்ளலாம்.