ஷீல்டு தானாக ஏறட்டும், காயம் நிற்கட்டும்

இரண்டு வருடமாக மாலை நேரங்களில் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு கேம் செய்துவருகிறேன். கைவிட்ட சுரங்கம் ஒன்றுக்குள் சின்ன ரோபோ இறங்குகிறது. ஆறு அறை தாண்டினால் பழுதுபார்க்கும் நிலையம். இதில் எனக்கு அதிக நாள் பிடித்த வேலை, அடி பட்டால் என்ன ஆகவேண்டும் என்று முடிவு செய்ததுதான்.

முதலில், அடியில் குறைந்த ஹெல்த் (ரோபோவின் உயிர்ப் புள்ளிகள்) எல்லாமே தானாக ஏறும்படி வைத்தேன். அத்தை மகன் விளையாடிப் பார்த்தான். அடி பட்டதும் தூணுக்குப் பின்னால் நிற்பான், ஏறியதும் வெளியே வருவான், மறுபடி தூண். கடைசியில், "மூணாவது ரூம்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. அடுத்து, எதுவும் ஏறாது, வழியில் கிடைக்கும் மெட்கிட் (மருந்துப் பெட்டி) மட்டும்தான் என்று மாற்றினேன். ஐந்து புள்ளி போனாலே முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பினான். இரண்டையும் சேர்த்த பிறகுதான் கேம் பிடிக்குள் வந்தது.

சேர்ப்பது புதிதல்ல. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் புரோட்டாஸ் படைக்கு ஷீல்டு (உடம்புக்கு மேல் அடியைத் தாங்கும் காப்பு) தானாக ஏறும், அதற்குக் கீழே இருக்கும் ஹெல்த் ஏறாது. 2001-இல் முதல் ஹேலோவும் அப்படித்தான்: ஷீல்டு திரும்பிவரும், ஹெல்த்துக்கு மெட்கிட் தேட வேண்டும். 2004-இல் ஹேலோ 2 ஹெல்த் பட்டையைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டது. 2010-இல் ஹேலோ ரீச் அதை மறுபடி கொண்டுவந்தது. இரண்டையும் விளையாடிப் பார்த்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

நீங்கள் செய்வதாக இருந்தால் முதலில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஷீல்டு இந்தச் சண்டைக்கு, ஹெல்த் மொத்தப் பயணத்துக்கு. எண்கள் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

என் ரோபோவுக்கு ஷீல்டு 50, ஹெல்த் 100. அடி பட்டு எத்தனை நொடி கழித்து ஷீல்டு ஏறத் தொடங்குகிறது என்பதுதான் இருப்பதிலேயே முக்கியமான எண். ஒவ்வொரு அடிக்கும் அந்த டைமர் பூஜ்யத்துக்குப் போக வேண்டும். 1.5 நொடி வைத்தபோது பயமே இல்லை. 6 நொடி வைத்தபோது ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான். 3 நொடியில் நிறுத்தினேன். இங்கே நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. எதிரி ஒரு தடவை சுட்டு அடுத்த தடவை சுடும் இடைவெளி இந்த 3 நொடியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். என் அமில வண்டு 4 நொடிக்கு ஒருமுறை துப்பியது. நடுவில் ஷீல்டு ஏறிக்கொண்டே இருந்ததால் தனி வண்டால் ரோபோவைத் தொடவே முடியவில்லை. 2 நொடியாகக் குறைத்ததும் சரியானது.

அடுத்தது மிச்ச டேமேஜ். ஷீல்டில் 10 இருக்கும்போது 20 அடி விழுந்தால் மீதி 10 ஹெல்த்துக்குப் போகலாமா? நான் போகவிடவில்லை. ஷீல்டை உடைக்கும் அடி அதோடு நின்றுவிடும், கண்ணாடி நொறுங்கும் சத்தம் வரும், அரை நொடி அவகாசம் கிடைக்கும். அதற்குப் பிறகும் அங்கேயே நின்று வாங்கினால் அந்தக் காயம் ஆடுபவர் எடுத்த முடிவு. இந்த உணர்வு இல்லாமல் நிலைக்கும் காயத்தை வைத்தால் கோபம்தான் வரும்.

ஷீல்டைத் தாண்டும் அடியும் வேண்டும், ஆனால் அளவாக. எஃப்டிஎல் கேமில் (2012) விண்கப்பலின் ஷீல்டு அடுக்குகள் தாமாக ஏறும். ஏவுகணை அவற்றைக் கடந்து நேரே கப்பலின் உடலில் விழும். அந்தச் சேதத்தைக் கடையில் ஸ்க்ராப் கொடுத்துச் சரிசெய்தால் ஆயுதம் வாங்கக் காசு குறையும். என் நிலையத்திலும் அப்படித்தான்: கையில் உள்ள இரும்பு பழுதுபார்க்கவா, துளைக்கும் கருவியை மேம்படுத்தவா? முறை வைத்து ஆடும் கேம் செய்பவர்கள் ஸ்லே த ஸ்பயரைப் பாருங்கள். அடியைத் தாங்கும் பிளாக் அடுத்த முறையில் கலைந்துவிடும், இழந்த ஹெல்த் அடுத்த சண்டைக்கும் கூடவே வரும்.

இனி கணக்கு. ஒவ்வொரு அறை முடிவிலும் எவ்வளவு ஹெல்த் போனது என்று ஒரு கோப்பில் எழுதவிடுங்கள். அறைக்கு 12 என்று வைத்தால் ஆறு அறைக்கு 72; நிலையத்துக்கு 28-உடன் வந்து சேர்வார், நல்ல பதற்றம். புதியவர் அறைக்கு 20 இழந்தால் ஐந்தாவது அறையிலேயே முடிந்துவிடும். இதற்காக ஒரு தரை வைத்தேன்: ஹெல்த் 25-க்குக் கீழே போனால் அறை முடிந்ததும் 25 வரை மட்டும் ஏறும். இப்போது அதே ஆள் 25 ஹெல்த்துடன் நிலையத்துக்குத் தவழ்ந்து வருகிறார். ஃபார் க்ரை 2 (2008) இதையே விரித்துச் செய்தது. பட்டை ஐந்து துண்டு, பாதி காலியான துண்டு மட்டும் தானாக நிரம்பும்.

காயம் கண்ணுக்குத் தெரியட்டும். 50-இல் என் ரோபோவின் ஒரு விளக்கு அணையும், 25-இல் இடது கால் இழுக்கும். ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள். அடிபட்டவரை மெதுவாக்கினால் இன்னும் அடிபடுவார், மீளவே முடியாது. சத்தமும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஷீல்டில் கணீர், உடம்பில் தொம்.

சோதிக்க ஒரே கேள்வி போதும். நிலையத்துக்கு வந்தவரிடம், இந்த அடி எங்கே பட்டது என்று கேளுங்கள். போன முறை அத்தை மகன் யோசிக்கவே இல்லை: "நாலாவது ரூம். ஷீல்டு உடைஞ்சதும் ஓடியிருக்கணும், அந்த இரும்புப் பெட்டிய எடுக்கப் போயிட்டேன்." அதே இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு காலைச் சரிசெய்வதா, கருவியை வாங்குவதா என்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.