எஃப் 4-ல் ஓடும், எஃப் 8-ல் நிற்கும்: என் லென்ஸ் கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத கேமரா. க்ளேர்வுட் கோவிலில் காவடி ஊர்வலத்தைப் படமெடுக்கும்போது, லென்ஸ் தொடர்பில் கோளாறு என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒரு படம் எடுக்கும், மறுபடி நிற்கும்.

லென்ஸின் தொடுமுனைகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பேட்டரி, கார்டு மாற்றினேன். பலனில்லை. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரோ வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ‘கோளாறு எதுவும் இல்லை’ என்ற சீட்டோடு திருப்பி அனுப்பியது. வயிறெரிந்தது.

அப்புறம்தான் பிடிபட்டது: நல்ல வெயிலில் மட்டுமே மக்கர் பண்ணுகிறது. எஃப் 4-ல், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளை முழுக்கத் திறந்திருந்தால், எத்தனை படமும் எடுக்கலாம். வெயிலுக்காகத் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் போச்சு. என்னுடையதைப் போன்ற டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில் நாம் பார்க்கும்போது துளை திறந்தே இருக்கும். ஷட்டரை அழுத்தும் நொடியில்தான் சுருங்கும். மங்கலான அறையில், துளையைத் திறந்து வைத்தே சோதித்தால் இந்தக் கோளாறு தலைகாட்டாது. எஃப் 8 வைத்து, படமெடுக்காமலே துளையைச் சுருக்கிக் காட்டும், லென்ஸை ஒட்டியுள்ள டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு முன்கண்ணாடி வழியே பார்த்தேன். துளையைச் சுருக்கும் மெல்லிய இதழ்கள் பாதி மூடி, ஒரு பக்கம் கோணலாக நின்றன.

அதை வீடியோ எடுத்துக்கொண்டு, இந்த முறை விற்ற கடைக்கே போனேன். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56-ன்படி, ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளுக்கு ரிப்பேரா, மாற்றா, பணமா என்பதை வாங்கியவரே சொல்லலாம். மாற்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு லென்ஸ் தந்தார்கள். இப்போது எஃப் 16 வரை தங்குதடையில்லாமல் ஓடுகிறது.