மாப்பிள்ளை சம்பா சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரியச் சிவப்பரிசியை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்போடு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கு இது ஒத்துவராது, வெள்ளைச் சோறே போதும்" என்று பையைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். பொன்னி அரிசி சமைக்கிற கணக்கிலேயே இதையும் சமைத்திருப்பார்கள். அரிசி மாறினால் ஊறும் நேரம், தண்ணீர் அளவு, குழம்பின் பதம் மூன்றும் கூடவே மாற வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் கறி வாங்கி வந்த பிறகுதான் அரிசி நினைவுக்கு வரும். அரை மணி நேரம் ஊறவைத்து அடுப்பில் ஏற்றுவார்கள். தீட்டாத அரிசியின் தவிட்டு உறை தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. மேலே வெடித்துக் குழைந்து, நடுவில் மட்டும் கடுக்கென்று நிற்கும் சோறு இப்படித்தான் உண்டாகிறது. சனிக்கிழமை இரவே இரண்டு முறை அலசி ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் ஒரு அரிசியை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். சிரமமில்லாமல் இரண்டாக உடைந்தால் சரி. ஊறிய தண்ணீர் சிவந்திருப்பதைப் பார்த்து சாயம் என்று பயந்து திரும்பத் திரும்பக் கழுவ வேண்டாம், அது தவிட்டின் இயற்கை நிறம். வெயில் காலத்தில் புளிப்பு வாடை வந்திருந்தால் மட்டும் தண்ணீரை மாற்றுங்கள்.

குக்கரில் ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீர் வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் நடுப்பகுதி வேகிறது. விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றுகிறவர்களுக்கு அரைவேக்காடுதான் கிடைக்கும்.

எந்த அரிசி என்பதும் முக்கியம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி வந்த, 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பால் பாரம்பரிய ரகங்கள் பல இன்று கைக்கு எட்டுகின்றன. எல்லா ரகமும் எல்லா வேலைக்கும் ஆகாது. கருப்பு கவுனி ஒட்டும் தன்மையுள்ளது. செட்டிநாட்டில் அதைத் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து இனிப்பாகச் செய்வார்கள், கறிக்குழம்புக்குப் பொருந்தாது. மாப்பிள்ளை சம்பா, அதிலும் புழுங்கல், குழம்புக்கு நன்றாக நிற்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும், ஒரே தடவையாகப் பத்து கிலோ வாங்கி அடுக்காதீர்கள்.

இனி கறி. எலும்பில்லாத துண்டாகக் கேட்டு வாங்குவது குழம்புக்கு நாமே வைத்துக்கொள்ளும் வினை. நெஞ்செலும்பும் முன்கால் கறியும் கலந்து, கொஞ்சம் கொழுப்போடு போடச் சொல்லுங்கள். எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு மெதுவாகக் கரைந்துதான் குழம்புக்கு அந்தப் பிசுபிசுப்பும் ருசியும் வருகிறது. ஈரலும் சேர்த்து வாங்கியிருந்தால் தனியே வைத்துக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள், முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குகிற இடம் வதக்கலில் இருக்கிறது. வெங்காயம், தக்காளி வதங்கியதும் கறியைப் போட்டு, மசாலாவைத் தூவி, தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடிவிடுகிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் கறியும் மசாலாவும் தனித்தனியாக நிற்கும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கி, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாடை போன பிறகு மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கறியைப் போடுங்கள். சற்று நேரத்தில் கறி தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுக்கச் சுண்ட வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டாலே தெரியும்: தளதளவென்று கொதிக்கும் ஓசை அடங்கி, சடசடவென்று பொரியும் ஓசை வரும், ஓரத்தில் எண்ணெய் தெளியும். அதற்கு அப்புறம்தான் மசாலா. அதையும் இரண்டு நிமிடம் பிரட்டிவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி சூடேற நேரமாகும்.

மசாலா வறுக்கும்போது மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். மல்லி சிவக்கும் முன்பே சீரகம் கருகிவிடும். கருகிய சீரகத்தின் கசப்பை எவ்வளவு தேங்காய் ஊற்றினாலும் மறைக்க முடியாது. தனித்தனியாக, சிறு தீயில் வறுத்து, ஆறவைத்து அரையுங்கள். கல்பாசி ஒரு சிட்டிகை போதும். பட்டை, கிராம்பு கூடினால் கறிக்குழம்பு பிரியாணி வாடை அடிக்கும்.

எத்தனை விசில் என்பதற்குப் பொதுக்கணக்கு கிடையாது. இளங்கறிக்கு நாலைந்து போதும், முற்றிய ஆட்டுக்கு எட்டுகூட ஆகலாம். திறந்து, ஒரு துண்டை விரலால் பிய்த்துப் பார்ப்பதே நம்பகமானது. நேரமிருந்தால் சட்டியில் மூடி போட்டு சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள், நான் அதைத்தான் சொல்வேன்.

தேங்காய் விழுது கறி வெந்த பிறகுதான் சேர வேண்டும். குக்கரில் முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். சேர்த்த பின் நுரை கட்டிப் பச்சை வாடை போகும்வரை கொதித்தால் போதும். பொங்கப் பொங்க விட்டால் திரிந்துவிடும்.

அடுத்து குழம்பின் பதம். வெள்ளைச் சோறு குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பரிசிச் சோறு தனித்தனியாக நிற்பதால் தண்ணீராக வைத்த குழம்பு தட்டின் அடியில் போய்த் தேங்கும், சோறு வெறும் சோறாகவே வாய்க்குள் போகும். வழக்கத்தைவிட ஒரு படி கெட்டியாக வையுங்கள், கரண்டியின் பின்பக்கம் படிகிற அளவுக்கு. உப்பும் காரமும் ஒரு துளி தூக்கலாகவே இருக்கட்டும், இந்த அரிசிக்கென்று ஒரு மண் சுவை உண்டு, சப்பென்ற குழம்பு அதனிடம் தோற்றுவிடும். சோறு ஆறினால் விறைக்கும், சூடாகவே பரிமாறுங்கள்.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் அருமையான பழைய சோறு. குழம்பை மட்டும் சட்டியோடு வெளியே விட்டுவிடாதீர்கள். தேங்காய் சேர்ந்த கறிக்குழம்பு சீக்கிரம் கெடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.